'16 வயதினிலே'க்கு முன்னால்

போடியிலிருந்து மெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். விடிவதற்குள் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை அடைத்துக்கொண்டு ஜீப்புகள் இதில் ஏற ஆரம்பித்துவிடும். கடன் பாக்கி சம்பந்தமாக அதிகாரி ஒருவருடன் நானும் மேலே போகவேண்டி வந்த ஒரு நாள், ஜீப் ஓட்டிய இளைஞர் வழியெல்லாம் '16 வயதினிலே' பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அந்தப் படம் வந்தபோது அவர் பிறந்திருக்கவில்லை, நானும்தான். கைபேசியில் ஏழெட்டுத் தடவை பார்த்திருக்கிறார். பரட்டை பேசுவதையும் சப்பாணி பேசுவதையும் மாறி மாறிச் சொல்லிக் காட்டினார். "நம்ம மண்ணுல எடுத்த படம்ல அண்ணே, அதான் அப்படி இருக்கு" என்றார்.

அந்தப் படம் நம் மண்ணில் எடுத்ததல்ல, கர்நாடகத்தில் கொள்ளேகால் பக்கம் எடுத்தது என்று சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். நாலைந்து வளைவுகளுக்கு அவர் வாய் திறக்கவில்லை. மெட்டில் டீ குடிக்க இறங்கியபோதுதான் சமாதானமானவர் மாதிரிக் கேட்டார்: "சரிண்ணே. இதே மாதிரி, இதுக்கு முந்தி வந்த படம் ஏதாச்சும் இருக்கா? இருந்தாச் சொல்லுங்க, பாக்குறேன்."

இந்தக் கேள்வியை நம்முடைய சினிமா விமர்சனம் யாரும் கேட்கவே விட்டதில்லை என்று அப்போது தோன்றியது. 1977 செப்டம்பரில் வெளிவந்த ஒரு படத்தை 'முதல்' என்று சொல்லி முடித்துவிட்டோம். ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்த முதல் படம், கிராமத்தைக் கிராமமாகக் காட்டிய முதல் படம், மண்வாசனையின் முதல் படம். முதல் என்று ஆனபின் அதற்கு முன்னால் எதையும் தேடவேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. இது படத்துக்குச் செய்யும் மரியாதை மாதிரித் தெரிகிறது. உண்மையில் படத்துக்கே செய்யும் துரோகம் இது. எது எதற்குப் பிறகு வந்தது என்று தெரியாதவரை, ஒரு படம் எந்த இடத்தில் புதியது என்பதும் தெரியாது. அந்த இளைஞருக்கு டீக்கடையில் நின்று நான் சொன்ன பட்டியல் அரைகுறையானது. அதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

1

முதலில் கொள்ளேகால் விஷயம். பாரதிராஜா அல்லிநகரத்துக்காரர். இளையராஜா பண்ணைப்புரம். இரண்டும் இன்றைய தேனி மாவட்டத்தில், போடிக்கு எட்டிய தூரத்தில் இருப்பவை. ஆகவே அந்தப் படத்தின் கிராமம் எங்களுடையதாகத்தான் இருக்கவேண்டும் என்று இந்தப் பக்கத்து ஜனங்கள் நினைப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் படம் கன்னட நாட்டுக்குப் போனதற்கு ஒரு வம்சாவளிக் காரணமும் இருக்கிறது. பாரதிராஜா உதவி இயக்குநராக வேலை பார்த்த இடங்களில் முக்கியமானது கன்னட இயக்குநர் புட்டண்ணா கணகாலிடம். அந்தப் புட்டண்ணா உதவியாளராகத் தொழில் பழகியது பி. ஆர். பந்துலுவிடம். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959), 'கப்பலோட்டிய தமிழன்' (1961), 'கர்ணன்' (1964) எடுத்த பந்துலுதான். பாஞ்சாலங்குறிச்சிப் போர்க்காட்சிகளுக்கு ஜெய்ப்பூர் போனவர்கள் அந்தப் படக்காரர்கள். ஆக, பாஞ்சாலங்குறிச்சிக்கு ராஜஸ்தான், மயிலின் ஊருக்குக் கொள்ளேகால். சினிமாவில் மண் என்பது மண்ணில் இல்லை, பார்வையில் இருக்கிறது என்று ஒருவர் சொல்லலாம். சொல்லிவிட்டு, அந்தப் பார்வை யாரிடம் படித்தது என்றும் கேட்கவேண்டும்.

ஆகவே என் பட்டியலில் முதலாவது ஒரு கன்னடப் படம்: புட்டண்ணாவின் 'பெள்ளி மோட' (1967). வெள்ளி மேகம் என்று அர்த்தம். திரிவேணியின் நாவல். பெரும்பகுதி வெளிப்புறத்தில் எடுக்கப்பட்ட ஆரம்பகாலக் கன்னடப் படங்களில் ஒன்று. மலைநாட்டு எஸ்டேட் வீட்டுப் பெண் இந்திரா. ஒரே மகள், சொத்தெல்லாம் அவளுக்குத்தான் என்று இருக்கும்வரை அவளைக் கட்டிக்கொள்ள ஒருவன் ஆசைப்படுகிறான். அவள் தாய்க்குக் காலம் தாழ்த்தி ஓர் ஆண் குழந்தை பிறந்ததும் அவன் மனசு மாறிவிடுகிறது. பின்னால் அவன் அடிபட்டுக் கிடக்கும்போது பணிவிடை செய்கிறவளும் இந்திராதான். இப்போது அவன் மனசு மறுபடியும் மாறுகிறது. அவளுடைய மனசு மாறுவதில்லை. திரும்பி வந்து கேட்கிறவனை மறுத்துவிடுகிறாள். கல்பனா அந்த மறுப்பைக் குரல் உயர்த்தாமல் செய்கிறார். பட்டணத்திலிருந்து வந்த டாக்டரை நம்பி ஏமாந்த மயிலுக்கு இவள் மூத்த அக்காள். இதே புட்டண்ணா, இதே திரிவேணி, இதே கல்பனா மறுபடியும் சேர்ந்த 'சரபஞ்சர' (1971) படத்தையும் பார்த்தால், ஒரு பெண்ணின் மன நிலைக்கு ஏற்ப வெளியையும் வண்ணத்தையும் பாட்டையும் பயன்படுத்துகிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பிடிபடும். மயிலின் கனவுகளில் வரும் ஊஞ்சலும் வெள்ளுடையும் மெதுவாக நகரும் படச்சுருளும் திடீரென்று முளைத்தவை அல்ல.

2

சப்பாணியைப் பிடித்தவர்களுக்கு 'பாகப்பிரிவினை' (1959). ஏ. பீம்சிங் இயக்கியது. கிராமம், கூட்டுக்குடும்பம், பாகம் பிரிப்பதில் வரும் பிளவு. கதாநாயகன் கண்ணையனுக்கு ஒரு கை விளங்காது, காலும் இழுக்கும். அந்தக் காலத்துத் தமிழ்க் கதாநாயகன் ஒருவன் உடம்பின் அழகைத் தொலைத்துவிட்டுத் திரைக்கு வந்தான் என்பது சாதாரண விஷயமல்ல. சிவாஜி கணேசன் அந்தக் கையை ஒரு தனிப் பாத்திரம் மாதிரியே நடத்துகிறார். பிற்பாடு இந்தியில் 'கான்தான்' (1965) ஆகவும் இது வந்தது.

இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஜீப்க்காரர் இரண்டு வாரம் கழித்து என் கவுண்டருக்கே வந்தார். நகைக்கடன் வட்டி கட்ட வந்தவர், "நல்லாத்தாண்ணே இருந்துச்சு. கடைசில கை சரியாப் போயிருச்சே, அதான் புடிக்கல" என்றார்.

நான் பல கட்டுரைகள் படித்திருக்கிறேன். தமிழ் சினிமாவின் 1959க்கும் 1977க்கும் உள்ள தூரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. கண்ணையனின் ஊனம் ஒரு சோதனை. நல்லவனுக்கு வந்த சோதனை என்பதால் கதை முடிவதற்குள் அது நீங்கியாகவேண்டும். நீங்காவிட்டால் தர்மம் பொய்த்துவிடும். படம் முழுவதும் பார்த்த யதார்த்தத்தை அந்த ஒரு அற்புதம் சம்பிரதாயத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. சப்பாணிக்கு அற்புதம் எதுவும் நடப்பதில்லை. தாங்கித் தாங்கி நடந்து வந்தவன் தாங்கித் தாங்கியே ஜெயிலுக்குப் போகிறான். மயில் அவனுக்கு ஒரு பெயரையும் கொஞ்சம் ரோஷத்தையும் கற்றுக்கொடுக்கிறாள், அவ்வளவுதான். அந்த ரோஷம்தான் அவன் கையில் கல்லாகிப் பரட்டையைக் கொல்கிறது. 'பாகப்பிரிவினை'யைப் பார்க்காதவருக்கு இது வெறும் கிளைமாக்ஸ். பார்த்தவருக்கு, ஒரு பெரிய நம்பிக்கை கைவிடப்பட்ட இடம்.

3

எங்கள் பக்கத்தில் மெட்டு என்றால் மலைவழியின் உச்சி. அங்கிருந்து ஒரு பக்கம் போடி, இன்னொரு பக்கம் பூப்பாறை, தேவிகுளம், மூணாறு. ஏலக்காயும் மிளகும் இந்தப் பக்கம் இறங்குகின்றன. ஆட்களும் அரிசியும் அந்தப் பக்கம் ஏறுகிறார்கள். மொழி நடுவில் எங்கோ மாறிவிடுகிறது. ஏலச் சந்தையில் தினமும் மலையாளம் கேட்கிற எங்கள் ஊரில், மலையாளப் படங்களைத் தமிழ்ப் படங்களின் சரித்திரத்தோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் ஏனோ இல்லை. இத்தனைக்கும் '16 வயதினிலே'யின் ஒளிப்பதிவாளர் பி. எஸ். நிவாஸ் மலையாளி. அதற்கு முந்தைய ஆண்டு ஸ்ரீகுமாரன் தம்பியின் 'மோகினியாட்டம்' (1976) படத்துக்காகக் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவில் தேசிய விருது வாங்கியவர். பாரதிராஜாவும் முதலில் 'மயில்' என்ற பெயரில் கறுப்பு வெள்ளையில் ஒரு சிறிய படம் எடுக்கத்தான் நினைத்திருந்தார். அது எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க விரும்புகிறவர்கள் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கவேண்டும்.

அங்கே இரண்டு படங்கள். ஒன்று 'நீலக்குயில்' (1954). உறூபின் எழுத்து, ராமு காரியாட்டும் பி. பாஸ்கரனும் சேர்ந்து இயக்கியது; ஏ. வின்சென்ட் ஒளிப்பதிவு. நீலி என்ற தீண்டத்தகாதவளாக நடத்தப்படும் பெண். அவளை நேசித்துக் கர்ப்பமாக்கிவிட்டு, சாதிக்குப் பயந்து கைவிடும் பள்ளிக்கூட வாத்தியார். ரயில் பாதை ஓரத்தில் நீலி செத்துக் கிடக்கிறாள். பக்கத்தில் உயிரோடு குழந்தை. ஊர் தொடத் தயங்கும் அந்தக் குழந்தையைத் தபால்காரர் எடுத்து வளர்க்கிறார். இன்னொன்று பி. என். மேனனின் 'ஓளவும் தீரவும்' (1970). எம். டி. வாசுதேவன் நாயர் எழுதியது. மலபார் முஸ்லிம்களின் ஆற்றங்கரை வாழ்க்கை. மலையாள சினிமாவை ஸ்டுடியோவிலிருந்து வெளியே கொண்டுவந்த படம் என்று அவர்கள் இதைச் சொல்கிறார்கள். நமக்கு ஏழு வருஷம் முன்னால்.

இவற்றைச் சிபாரிசு செய்வது வெளிப்புறப் படப்பிடிப்பின் முன்னுரிமையை நிரூபிக்க அல்ல. சாதிக்காக. 'நீலக்குயில்' தன் கதையின் விசை எது என்று பெயர் சொல்லிவிடுகிறது. வாத்தியார் கெட்டவர் அல்ல. அவருடைய சாதி அவரைக் கெட்டவராக்குகிறது. மயிலின் ஊரிலோ சாதி கதையின் விசையாக இல்லை. டாக்டர் பட்டணத்துக்காரன், அதனால் ஏமாற்றுகிறான். பரட்டை போக்கிரி, அதனால் போக்கிரித்தனம் செய்கிறான். கெடுதல் ஒன்று வெளியூரிலிருந்து வருகிறது, அல்லது தனி மனிதனின் சுபாவத்திலிருந்து வருகிறது. ஊர் என்ற அமைப்பு மட்டும் குற்றமற்றதாக, கொஞ்சம் வம்பு பேசுவதாக, பச்சைப் பசேலென்று நிற்கிறது. பிற்காலத்தில் வந்த எத்தனையோ 'கிராமியப் படங்கள்' இந்த நிரபராதிக் கிராமத்தில்தான் குடியேறின. அப்புறம் அதிலேயே ஒரு சாதியின் வீரத்தைக் கொண்டாடும் படங்களும் முளைத்தன. நம்முடைய பக்கத்துக்காரர் என்ற பெருமைக்காக இதைச் சொல்லாமல் விட்டால், நான் விமர்சகன் அல்ல, ரசிகர் மன்றத்து ஆள்.

நாம் இதில் எப்போதும் பின்தங்கியே இருந்தோம் என்பதும் இல்லை. கே. சுப்ரமண்யத்தின் 'தியாகபூமி' (1939) கோயிலையும் தீண்டாமையையும் பற்றிப் பேசியது. வெள்ளைக்கார அரசாங்கம் அதைத் தடை செய்யும் அளவுக்குப் பேசியது. பேசிய விதம் பிரசங்கமாக இருக்கலாம். ஆனால் பேசியது.

4

தமிழில் கிராமத்துக்குப் போன காமிரா என்று பார்த்தால், இரண்டு படங்களையாவது '16 வயதினிலே'க்கு முன்னால் வைக்கவேண்டும்.

ஒன்று 'திக்கற்ற பார்வதி' (1974). ராஜாஜியின் கதை, சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கம், ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியிலேயே எடுத்தார்கள். வீணை சிட்டிபாபு இசை. கறுப்பு வெள்ளை. கருப்பன் கடன் வாங்கி ஒரு வண்டி வாங்குகிறான். வண்டி சந்தைக்குப் போகிறது, சந்தையில் சாராயக்கடை இருக்கிறது, கடன் வளர்கிறது, கடன்காரன் வீட்டு வாசலுக்கு வருகிறான், வீட்டில் பார்வதி தனியாக இருக்கிறாள். மதுவிலக்குப் பிரசாரத்துக்காக எழுதப்பட்ட கதை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். நான் பிழைப்புக்காகக் கடன் கணக்கு எழுதுகிறவன். ஒரு வட்டிக் கணக்கு எப்படி மெல்ல மெல்ல ஒரு பெண்ணின் உடம்பு வரைக்கும் போகிறது என்பதை இவ்வளவு ஸ்தூலமாகக் காட்டிய தமிழ்ப் படம் இன்னொன்றை நான் பார்த்ததில்லை. லட்சுமி அதில் அழகாக இருக்க முயற்சி செய்யவே இல்லை.

இன்னொன்று 'அன்னக்கிளி' (1976). தேவராஜ் மோகன் இயக்கம், ஆர். செல்வராஜ் கதை, பஞ்சு அருணாசலம் தயாரிப்பு. மலையும் காடும் ஆறும் சூழ்ந்த தெங்குமரஹாடாவில் எடுத்தது. இதைச் சொன்னதும் ஜீப்க்காரர் சிரித்துவிட்டார். "அன்னக்கிளி தெரியாதாண்ணே!" என்றார். பாட்டு எல்லாம் தெரியும். படம் பார்த்திருக்கிறீர்களா என்றேன். யோசித்தார். பார்க்கவில்லை. போடியில் இதற்கப்புறம் நான் கேட்ட பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு அப்படித்தான். இலங்கை வானொலி ஒரு தலைமுறைக்குத் தமிழ் சினிமாவைக் காதால் கொடுத்தது. காதால் வந்த படம் கண்ணுக்கு வரவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. ஒரு கிராமத்து மருத்துவச்சியின் நிறைவேறாத காதல், அந்த ஊருக்குள் வந்து சேரும் டூரிங் தியேட்டர், சுஜாதாவின் அடங்கிய நடிப்பு எல்லாம் பாட்டுகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டன.

அந்தப் பாட்டுகளுக்கும் ஒரு முன்கதை உண்டு. அது எங்கள் மலையிலேயே இருக்கிறது. இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியவர். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தல் நடந்தபோது, தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களிடையே பாடி ஓட்டுக் கேட்டார். ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். பின்னால் தம்பிகளும் அந்தக் கச்சேரிக் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகப் போனார்கள். ஆகவே நாட்டுப்புற மெட்டு நேராக வயலிலிருந்து சினிமாவுக்கு நடந்து வந்துவிடவில்லை. நடுவில் கட்சி மேடை இருந்தது; கூலி உயர்வு இருந்தது; மலை ஏறிப் போன பாட்டுக் குழு இருந்தது. மலையாளத்தில் கே. ராகவன் 'நீலக்குயில்' படத்தில் நாட்டார் மெட்டுகளையும் மாப்பிளைப் பாட்டையும் கொண்டுவந்ததை இதோடு சேர்த்துக் கேட்டுப் பார்க்கவேண்டும். தமிழில் எம். பி. சீனிவாசன் இசையமைத்து, வங்காளத்திலிருந்து சென்னைக்கு வந்துவிட்ட நிமாய் கோஷ் இயக்கிய 'பாதை தெரியுது பார்' (1960) படத்தையும் சேர்க்கவேண்டும். நாட்டுப் பிரிவினையில் அகதியானவர்களைப் பற்றி 'சின்னமூல்' (1950) எடுத்த கோஷ்தான். அந்தத் தமிழ்ப் படத்துக்கு ஜெயகாந்தன் எழுதிய பாட்டை இன்றும் வானொலியில் கேட்கலாம். படத்தைப் பார்த்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

5

இங்கேதான் என் பட்டியல் முறிகிறது. மண்வாசனையை விடுங்கள், தெரிந்த முகங்களை நம்பாத, கதாநாயகனை நம்பாத, ஏழ்மையை அலங்கரிக்காத ஒரு தமிழ்ப் படம் '16 வயதினிலே'க்கு முன்னால் உண்டா என்று கேட்டால் சொல்லவேண்டியது ஜெயகாந்தன் தன் நாவலைத் தானே எடுத்த 'உன்னைப்போல் ஒருவன்' (1965). சென்னைச் சேரி. சிட்டி என்ற பையன், கூலி வேலை செய்யும் அவன் தாய் தங்கம், அவள் வாழ்க்கையில் வந்து சேரும் கிளி ஜோசியக்காரன். தாய்க்கும் ஒரு ஆசை இருக்கலாம் என்பதைப் பொறுக்கமுடியாத மகன். 1964ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சத்யஜித் ராயின் 'சாருலதா' முதலாவதாக வந்தது. அகில இந்திய அளவில் மூன்றாவது சிறந்த படத்துக்கான சான்றிதழ் இதற்குக் கிடைத்தது. இன்று நாவலை எந்தப் புத்தகக் கடையிலும் வாங்கலாம். படத்தை எங்கே பார்ப்பது?

ஜீப்க்காரர் தேடிப் பார்த்திருக்கிறார். அதே பெயரில் கமல்ஹாசன் நடித்த 2009 படம்தான் வந்து வந்து நின்றிருக்கிறது. "நீங்க சொன்னது இல்லவே இல்லண்ணே" என்றார், நான் ஏதோ இல்லாத படத்தைச் சொல்லி ஏமாற்றிவிட்ட மாதிரி.

இல்லாமல் போவதற்குக் காரணங்கள் வெகு சாதாரணம். பழைய கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் வெள்ளி இருக்கிறது. ஓட்டம் முடிந்த பிரதிகளை எடைக்குப் போட்டு வெள்ளியைப் பிரித்தெடுப்பது ஒரு தொழிலாகவே நடந்தது. அதற்கும் முந்தைய நைட்ரேட் சுருள் தானாகத் தீப்பிடிக்கும் ஜாதி, பிடிக்காவிட்டால் பொடியாகும். தமிழின் முதல் பேசும்படம் என்று நாம் கொண்டாடும் 'காளிதாஸ்' (1931) இல்லை. நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இல்லை. பூனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் 1964இல்தான் வந்தது. அதற்குள் போனது போய்விட்டது. அதற்குப் பிறகும் கேட்பாரற்று எத்தனையோ போயின. ஏலக்காயை எங்கள் ஊர்ப் பெண்கள் பருமன் பார்த்து, நிறம் பார்த்து, ஒவ்வொரு காயாகத் தரம் பிரிப்பார்கள். பிளந்ததும் வெளுத்ததும்கூட ஒரு விலைக்குப் போகும், எறியப்படுவதில்லை. நாற்பது ஐம்பது வருஷம் நாம் தரம் பார்க்காமலே மூட்டையோடு கொட்டிவிட்டோம்.

'முதல்' என்ற சொல்லுக்கும் இந்த இழப்புக்கும் சம்பந்தம் இருக்கிறது. எல்லாம் இங்கிருந்துதான் ஆரம்பம் என்று ஒரு படத்தின்மேல் கல்வெட்டு வைத்துவிட்டால், அதற்கு முந்தியதைக் காப்பாற்ற யாருக்கும் அக்கறை வராது. கல்வெட்டு வைக்கிறவர்களும் எடைக்குப் போடுகிறவர்களும் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம். காரியம் ஒன்றுதான்.

6

இந்தப் படங்களையெல்லாம் பார்த்துவிட்டு மறுபடியும் '16 வயதினிலே'க்கு வந்தால் அது சின்னதாகிவிடுகிறதா? எனக்கு அப்படி ஆகவில்லை. வெளிப்புறம் புதிதல்ல என்று தெரிந்தபிறகு, எது புதிது என்று பார்க்க ஆரம்பித்தேன். நீலி சாகிறாள். 'ஓளவும் தீரவும்' படத்தின் நபீசா ஆற்றில் முடிகிறாள். அன்னக்கிளி இன்னொருத்தியின் குழந்தையைக் காப்பாற்றி உயிரை விடுகிறாள். பார்வதிக்குத் தலைப்பே தீர்ப்பு. மனசு கொடுத்து ஏமாந்த பெண், ஊர் வாயில் விழுந்த பெண், கதை முடிவதற்குள் செத்தாகவேண்டும் என்பது மலைக்கு இரு புறமும் விதியாக இருந்திருக்கிறது. மயில் சாகவில்லை. அவளுடைய தாய் அவமானத்தில் செத்துப்போகிறாள். மயில் உயிரோடு இருக்கிறாள். வேலை செய்கிறாள், கோபப்படுகிறாள், ஊர் கேலி செய்யும் ஒருத்தனோடு வாழத் தீர்மானிக்கிறாள்.

இதிலும் ஒரு சமரசம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. டாக்டரிடமிருந்தும் பரட்டையிடமிருந்தும் படம் அவள் உடம்பைச் சரியான நேரத்தில் காப்பாற்றிவிடுகிறது. அப்படிக் காப்பாற்றியதால்தான் அவளை வாழ விட முடிந்ததோ என்ற சந்தேகம் எனக்குப் போகவில்லை. நீலிக்கு அந்தச் சலுகை கிடையாது. 1954ஆம் வருஷப் படம் அந்த ஒரு விஷயத்தில் 1977ஆம் வருஷப் படத்தைவிடத் துணிச்சலானது. 1977ஆம் வருஷப் படம் பெண்ணை உயிரோடு விட்டதில் அதைவிடத் துணிச்சலானது. சரித்திரம் ஒரே நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போவதில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எங்கள் மலைச்சாலை மாதிரிதான். மேலே போகிறோம் என்று நினைக்கும்போது வண்டி எதிர்த்திசையில் திரும்பி நிற்கும்.

எங்கள் சரிவைப் பற்றி, ஏலத்தோட்டக் கூலிகளைப் பற்றி, மலை ஏறி மூட்டை சுமப்பவர்களைப் பற்றி ஒரு படம் வர 2018 ஆகவேண்டியிருந்தது: லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை'. நம்ம மண்ணு என்று ஜீப்க்காரர் சொன்னது கொள்ளேகாலுக்குப் பொருந்தாது, இதற்குப் பொருந்தும். அவர் அதைப் பார்த்திருக்கிறாரா என்று கேட்டேன். "அது நம்ம கதைண்ணே, அதப் போயி என்னத்தப் பாக்க" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை.

'16 வயதினிலே' ரயில் நிலையத்தில் ஆரம்பித்து ரயில் நிலையத்தில் முடிகிறது. ஜெயிலிலிருந்து வரவேண்டியவனுக்காக மயில் காத்திருக்கிறாள். அவன் வந்தானா என்று படம் சொல்வதில்லை. எங்கள் ஊருக்கு மதுரையிலிருந்து ரயில் 1928இல் வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது நிறுத்தி, 1954இல் திரும்ப விட்டார்கள். 2010 கடைசியில் அகலப்பாதைக்காக மறுபடியும் நிறுத்தினார்கள். பிறகு பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் போடி ஸ்டேஷனில் ரயில் கிடையாது. அந்த வருஷங்களில்தான் நான் முதல் தடவை இந்தப் படத்தைக் கவனமாகப் பார்த்தேன். கடைசிக் காட்சி வந்தபோது, ரயில் வராத ஸ்டேஷனில் ஒருத்தி காத்திருப்பது எனக்குப் படிமமாகத் தோன்றவில்லை, வெறும் தகவலாகவே தோன்றியது. 2023 ஜூனில் ரயில் திரும்ப வந்தது. நானும் போய்ப் பார்த்தேன். கூட்டம் இருந்தது, பூ கட்டியிருந்தார்கள்.

வந்தது ரயில்தான். 'உன்னைப்போல் ஒருவன்' எங்காவது ஒரு தகர டப்பாவில் இருந்து வருமா என்று ஜீப்க்காரர் இன்னமும் கேட்கிறார். அவரிடம் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.